பட்டு வேட்டி கட்டிய ஜெனரேட்டர்

நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த துணிக்கடைக்கு ஜெனரேட்டர் வந்து இறங்கிய காலையில், மாசி வீதியை ஒட்டின எங்கள் சந்தே வாயைப் பிளந்து நின்றது. மிகையாகச் சொல்லவில்லை. எதிர்க்கடை டீ மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு குவளையோடு வாசலுக்கு வந்துவிட்டார். லாரி என்று சொல்லவும் முடியாது, ரயில் பெட்டி என்று சொல்லவும் முடியாது, அப்படி ஒரு நீள வண்டி. அதன் மேலே தார்ப்பாய் போட்டு, இரும்புச் சங்கிலியால் கட்டி ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. மூங்கில் கழிகளால் கரண்டுக் கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நடந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குத் தெரிந்த டீசல் இன்ஜின் எல்லாம் எங்கள் அப்பாவின் கிணற்று மேட்டில் இருந்த ஆயில் இன்ஜின்தான். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் நாலு தடவை இருமிவிட்டு ஓடும். அதன் மேல் நான் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றிருக்கிறேன். அதைத்தான் கொஞ்சம் பெரிதாகக் கொண்டு வரப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் பள்ளம் தோண்டியபோது கொத்தனாரிடம், "என்னண்ணே, கெணறா வெட்டுறீங்க?" என்று கேட்டேன். "மிஷினு படுக்கிறதுக்குத் தளம் போடுறோம்மா" என்றார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்து முறைத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

தார்ப்பாயை அவிழ்த்தபோதுதான் கொத்தனார் கேலி பண்ணவில்லை என்று தெரிந்தது. ஆத்தாடி! நான் கையைத் தூக்கினாலும் அதன் முதுகு எட்டாது. தலையிலிருந்து வால் வரை நடந்து போனால் டவுன் பஸ்ஸில் முன்படியிலிருந்து பின்படிக்குப் போன மாதிரி இருந்தது. அதன் புகைக்குழாய்க்குள் ஒரு கைக்குழந்தை தவழ்ந்து போகலாம். பின்வாசல் வழியாக உள்ளே போகாது என்று தெரிந்ததும் முதலாளி யோசிக்கவே இல்லை, சுவரை இடிக்கச் சொன்னார். போன வருஷம்தான் கட்டிய சுவர். ஒரு சாமானுக்காகச் சுவரை இடிப்பதை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. நாலு மாடியிலும் பொம்பளைகளுக்கு ஒழுங்காக ஒரு கக்கூஸ் கட்டித் தர இடமில்லை என்று சொன்ன மனுஷன், இதற்கு ஒரு வீட்டளவு இடம் கொடுத்திருந்தார்.

முதல் தடவை அதை ஓட்டிப் பார்த்த அன்று நான் நாலாவது மாடியில் என் மேசையில் இருந்தேன். காலுக்குக் கீழே தரை நடுங்கியது. மேசை மேலிருந்த எவர்சில்வர் டம்ளர் தானாக நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. நான் அதைப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அதிர்ச்சி. டம்ளர் கீழே விழுந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

அந்த இன்ஜினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட்டார்கள். அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். கடையில் எல்லோருக்கும் அவர் ஜெனரேட்டர் அண்ணன். பக்கத்தில் போனாலே பதறுவார். "எட்டி நில்லுங்கக்கா. காத்தாடி சுத்துறப்ப முந்தானைய இழுத்துப்புடும்" என்பார். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர், ஆனாலும் மேல்மாடியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவள் என்பதால் நான் அக்கா.

ஜெனரேட்டர் வந்த பிறகு எனக்கு வாய் கூடிவிட்டது. பசுமலையில் எங்கள் தெருவில் கரண்ட் போகும்போதெல்லாம், "எங்க கடையில கரண்டே போகாது, தெரியும்ல?" என்று சொல்லிச் சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கினேன். கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதையே சொல்லித்தான் முகூர்த்தப் பட்டை எங்கள் கடையிலேயே எடுக்க வைத்தேன்.

மாப்பிள்ளை வீடு திருநகர். அவர் மில்லில் சூப்பர்வைசர். அவர் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அம்மா இருந்தார், ஆனால் வீட்டில் பேச்சு எல்லாம் பெரியம்மாவுடையது. பெரியப்பாவின் சம்சாரம். நாள் குறிப்பதும் நகை பார்ப்பதும் அவர்தான். என் மாமியாராக வரப்போகிறவர் அந்தக் கூட்டத்தில் எப்போதும் கடைசி ஆள். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போது அவரைத் தேடினேன். அடுப்படியில் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாலியறுத்தவ முன்னால வந்து நிக்கலாமாத்தா? அதான் வழக்கம்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிச்சயதார்த்தப் பெண் சண்டை போடக் கூடாது என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பட்டு எடுக்கப் பெரியம்மா குறித்த நாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் சேலையை எடுத்து பில் போட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் ஊரில் ஆயுத பூஜையன்று சைக்கிள் கடைப் பம்புக்குக்கூடச் சந்தனம் வைப்பார்கள், அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு ஜெனரேட்டர் அறையில் நான் கண்டதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். முதலாளி அதற்குப் பட்டு வேட்டி எடுத்திருந்தார். ஒன்று போதவில்லை என்று மூன்றைச் சேர்த்துத் தைத்து, அதன் முகத்தில் இருந்த பெரிய ரேடியேட்டரில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆள் உயர மாலை ஒன்று காற்று இழுக்கும் வாயிலிருந்து தொங்கியது. இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம், நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம், உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும். அதன் காலடியில் ஒரு தாம்பாளம் நிறையக் குங்குமம், அதன் நடுவில் சாவி. கருவறைக்குள் நிற்கிற மாதிரி எல்லோரும் கைகட்டி நின்றார்கள்.

"ஏண்ணே, எங்க மாப்ளைக்கே இன்னும் வேட்டி எடுக்கல, ஒங்க மாப்ளைக்கு எடுத்தாச்சா?" என்று ஜெனரேட்டர் அண்ணன் காதில் கேட்டேன். அவர் சிரிக்காமல், "சாமி விசயத்துல வெளாடாதீங்கக்கா. நாளைக்கு மத்தியானம் அய்யர் வந்து மறுபூஜை முடிக்கிற வரைக்கும் யாரும் இது மேல கை வைக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு" என்றார்.

பூஜையில் வைத்த சாமானை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் கத்தரிக்கோல், மீட்டர் ஸ்கேல், பில் புத்தகம், கல்லாப்பெட்டி இவற்றுக்கெல்லாம் மறுநாள் விடிந்ததுமே முதலாளி தன் கையாலேயே சூடம் காட்டி எடுத்துவிட்டார், விஜயதசமி வியாபாரம் நிற்கக் கூடாதே என்று. ஜெனரேட்டருக்கு மட்டும்தான் அய்யர். அதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், எங்கள் அம்மாவும் வந்திருந்தாள். மூன்றாவது மாடியில்தான் பட்டு. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று அந்த மாடியில் ஜன்னலே கிடையாது, பகலிலும் குழல்விளக்குதான். பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது.

"அத்தை எங்க?" என்றேன்.

"அவ கீழ வாசல்ல உக்காந்திருக்கா. இங்க வந்து என்ன பண்ணப் போறா?" என்றார் பெரியம்மா.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பாயைப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து படியிறங்கினேன்.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். மகனுடைய கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறார்கள், இவர் செருப்புக்குக் காவல் இருக்கிறார்.

"வாங்கத்தை மேல" என்றேன்.

"நீ போத்தா. எனக்கு இங்கனயே காத்து நல்லா வருது."

"நீங்க வராம நான் ஒரு சேலையும் தொட மாட்டேன். ராகுகாலம் வரட்டும், எமகண்டம் வரட்டும், இங்கனயே நிப்பேன்."

அவர் பயந்துபோய் நாலு பக்கமும் பார்த்தார். அப்புறம், "சரி, நீ முன்னால போ. ஒன் கூட நான் வந்தா நல்லாருக்காது. நான் பின்னால வாரேன், ஓரமா நின்னு பாத்துட்டு எறங்கிர்றேன்" என்றார். அவருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும். நானே கூட்டிக்கொண்டு போய் லிப்டில் ஏற்றினேன். எங்கள் லிப்டுக்கு இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. உள்ளே ஸ்டூல் போட்டு ஒரு வயசான லிப்ட்காரர் இருப்பார். "கொஞ்சம் பொறுத்து மூணாவது மாடிக்கு விடுங்கய்யா, பத்திரம்" என்று சொல்லிவிட்டு நான் படியில் ஓடினேன்.

நான் மேலே போய் உட்காரவும் கடைக்காரப் பையன் அரக்கு நிறத்தில் ஒரு பட்டை விரித்து உதறவும் சரியாக இருந்தது. சேலை பாயில் படியும் முன்னே கரண்ட் போய்விட்டது.

இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. கண்முன்னால் இருந்த அரக்குச் சேலை இல்லாமல் போய்விட்டது. நான் பதறவில்லை, நம்மிடம்தான் பூதம் இருக்கிறதே என்று கீழிருந்து அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தேன். வரவில்லை. தரை நடுங்கவில்லை. அப்போதுதான் பட்டு வேட்டியும் தாம்பாளமும் நினைவுக்கு வந்தன.

"அடி ஆத்தி!" என்று இருட்டுக்குள் பெரியம்மாவின் குரல் கேட்டது. "முகூர்த்தச் சேலைய விரிச்ச நேரத்துலயா? எவ வந்தா இங்க? அவ மேல வந்துட்டாளா? நீ கீழ எறங்கிப் போனியே, அவளக் கூப்பிட்டியா?"

"கரண்டு போறதுக்கு ஒரு மனுசி என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

"ஒனக்கு என்னடி தெரியும்? பத்தரைக்குள்ள வெளிச்சம் வரலன்னா எந்திரிச்சுப் போயிருவோம். இந்தச் சம்பந்தத்தையே இன்னொரு தடவ யோசிக்கணும். இதுக்கெல்லாம் காரணம் அவதான்னா, கல்யாணத்தன்னைக்கு அவ மண்டபத்துப் பக்கமே வரக்கூடாது."

அவர் சொன்னதில் முதல் பாதி என் தலையெழுத்து. இரண்டாவது பாதிதான் என்னைத் தூக்கிப் போட்டது. பெற்ற மகன் கல்யாணத்துக்கு வரக் கூடாதாம், ஒரு குழல்விளக்கு அணைந்ததற்கு! அதைவிடப் பெரிய திகில் அடுத்த நொடி வந்தது. அவர் லிப்டுக்குள் இருந்தார்.

சுவரைத் தடவிக்கொண்டே லிப்ட் பக்கம் போனேன். கம்பிக் கதவில் முகத்தை வைத்துக் கீழே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. "அத்தை!" என்றேன். பதில் இல்லை. இரண்டாவது மாடிக்கு இறங்கி வந்து கூப்பிட்டேன். காலுக்குக் கொஞ்சம் கீழே லிப்டின் கூரை நிற்பது நிழலாகத் தெரிந்தது. இரண்டு மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. "அத்தை! அத்தை! லிப்ட் அய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு முனகல் இல்லை, இருமல் இல்லை. இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள், இரண்டு பேருமா பேசாமல் இருப்பார்கள்? மூச்சு வாங்கும் மனுஷி, காற்றில்லாத பெட்டி. போய்விட்டார் என்றே நினைத்தேன். செருப்புப் பக்கத்தில் சிவனே என்று உட்கார்ந்திருந்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு வந்து இந்தப் பெட்டிக்குள் ஏற்றினேன்.

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. ஜெனரேட்டர் அறை வாசலில் அண்ணன் நெஞ்சில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"போடுங்கண்ணே" என்றேன்.

"எப்பிடிக்கா போடுறது? மறுபூஜை ஆகலயே. மேனேஜரு இப்பத்தான் வந்து, முதலாளி வர்ற வரைக்கும் தொடாதன்னு சொல்லிட்டுப் போறாரு."

"லிப்டுக்குள்ள எங்கத்தை மாட்டியிருக்காங்க. கூப்பிட்டாப் பேச்சு மூச்சு இல்ல!"

அவர் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் கை அவிழவில்லை. "தெய்வக் குத்தமாயிருமேக்கா."

"காசு வர்ற கத்தரிக்கோலுக்கும் கல்லாப்பெட்டிக்கும் விடியக்காலம் பூஜை முடிஞ்சிருச்சு. உசுரக் காப்பாத்துற சாமானுக்கு மட்டும் அய்யர் மத்தியானம் வரணுமா? எந்தச் சாமிண்ணே அப்பிடிச் சொல்லுச்சு? அந்தம்மா போயிட்டா பொணத்துக்கும் நீங்கதான் சந்தனம் வைக்கணும்!"

அப்படியெல்லாம் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. பேசிக்கொண்டே தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன். கை நிறையக் குங்குமம். அவர் ஒரு நிமிஷம் சாவியைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எம்மேல கோவிச்சுக்காத தாயி" என்று மிஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினார்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் மறந்துபோனது. வேட்டியை அவிழ்க்கவில்லை, மாலையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, சாமி உடம்பிலிருந்து யாராவது துணியை உருவுவார்களா?

முதலில் அடித்தொண்டையில் ஓர் உறுமல் கேட்டது. அப்புறம் அந்த அறையே எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எங்கள் கிணற்று இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசலாம். இதன் பக்கத்தில் யோசிக்கக்கூட முடியாது. பல்லெல்லாம் ஆடியது. உள்ளே இருந்த காத்தாடி சுற்றிய சுற்றில் பட்டு வேட்டி ஊதிப் பெருத்து, அறை முழுக்க அடைக்கும் அளவுக்கு உப்பி, டர்ரென்று கிழிந்தது. இடித்த சுவரில் கதவு போடாமல் விட்டிருந்தார்கள். அந்த வழியாக மூன்று வேட்டியும் சந்துக்குப் பறந்துபோய் டீக்கடைக் கரண்டுக் கம்பியில் தொங்கின. தாம்பாளம் கிளம்பிச் சுவரில் மோதியது. அத்தனை குங்குமமும் ஒரே மூச்சில் காற்றில் ஏறி என் தலை, முகம், வாய், ரவிக்கை எல்லாம் அப்பியது. மாலையின் ஒரு முனையைக் காற்று இழுக்கும் வாய் கவ்விக்கொண்டது. "ஆத்தே, இழுக்குதே!" என்று கத்திக்கொண்டு அண்ணன் மறுமுனையைப் பிடித்து மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்தார். நார் அறுந்து அவர் மல்லாக்க விழுந்தார். ரோஜாவும் செவ்வந்தியும் சந்தெல்லாம் பறந்தன. மூலையில் வைத்த எலுமிச்சம்பழங்கள் ஆளுக்கொரு திசையில் ஓடின. சூடான குழாயில் அப்பியிருந்த சந்தனம் கருகி, கோயிலும் மெக்கானிக் ஷெட்டும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு வாசனை வந்தது.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு துணிக்கடைக்கு விளக்கெரிக்க இவ்வளவு பலம் வேண்டுமா என்று அந்த நேரத்திலும் தோன்றியது. அண்ணன் எழுந்து, தட்டுத் தடுமாறிப் போய், சுவரில் இருந்த பெரிய கைப்பிடியை இரண்டு கையாலும் மேலே தள்ளினார். கட்டடம் முழுக்க விளக்கு வந்தது.

உள்ளே ஓடினேன். வழியில் நின்றவர்கள் எல்லாம் விலகினார்கள், ஒரு பொம்பளை கும்பிட்டாள். என் கோலம் அப்படி இருந்தது. லிப்ட் வாசலுக்கு நான் போவதற்கும், லிப்ட் இறங்கி வருவதற்கும் சரியாக இருந்தது. மேலே போக வேண்டிய லிப்ட் ஏன் கீழே வருகிறது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. லிப்ட்காரர் கம்பிக் கதவை இழுத்துத் திறந்தார்.

அத்தை நின்றுகொண்டிருந்தார். உயிரோடு, கண் திறந்து, மூலையில் ஒண்டி நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை வெளியே எடுத்தார். எச்சிலில் நனைந்து தொங்கியது.

"சேலைக்குப் பில்லு போட்டாச்சாத்தா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அத்தை, கூப்பிட்டேனே! தொண்ட கிழியக் கூப்பிட்டேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றார். "நான் உள்ள இருந்தது மேல யாருக்காச்சும் தெரியுமா?"

நான் லிப்ட்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் கொரல் குடுக்கப் போனேம்மா. கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. எங்கால்ல விழப் போயிட்டாங்க. நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சா எம்புள்ள கல்யாணம் நின்னுபோகும், பேசாம இருங்கய்யான்னு அழுதாங்க. கரண்டு வந்ததும் கீழ எறக்கி விட்டுருங்க, நான் ஏறவே இல்லன்னு சொல்லிருவேன்னாங்க. இருமல் வந்துச்சு அவங்களுக்கு, அதுக்குத்தான் துணிய…"

சந்தே அதிர ஒரு பூதம் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தது, அதைக் கேட்டு நான் நடுங்கினேன். ஆனால் என் வாழ்க்கையில் நான் உறைந்து நின்றது இந்த இடத்தில்தான். மூச்சு முட்டி இருட்டுக்குள் நின்ற ஒரு மனுஷி, காப்பாற்று என்று கத்த வேண்டிய வாய்க்குள் துணியை வைத்து அடைத்திருக்கிறார். செத்தாலும் சத்தமில்லாமல் சாக வேண்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மேலும்தான். கையைப் பிடித்து இழுத்தேன். லிப்டில் மறுபடி ஏற மாட்டேன் என்றார். சரி, படியில் போவோம் என்று ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று கூட்டிப்போனேன். நாங்கள் மேலே போய்ச் சேரும்போது பத்தரை தாண்டிவிட்டது.

பெரியம்மா என்னைப் பார்த்து எழுந்துவிட்டார். "என்னடி கோலம் இது! எவ கைய…" என்று ஆரம்பித்தவர், நான் யார் கையைப் பிடித்திருக்கிறேன் என்று கண்டதும் நிறுத்தினார். அப்புறம், "ராகுகாலம் பொறந்திருச்சு. இனிமே எடுக்க முடியாது" என்றார்.

"எங்கத்தை லிப்டுக்குள்ள மாட்டியிருந்தாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன். கரண்டு போனப்ப அவங்க இந்தக் கடைக்குள்ளதான் இருந்தாங்க, நல்லாக் கேட்டுக்கங்க எல்லாரும்" என்றேன். அத்தை கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. "சேலைய அவங்க எடுத்துக் குடுப்பாங்க. ராகுகாலத்துல எடுத்தாலும் நான் கட்டிக்கிறேன். இல்ல, சம்பந்தம் வேணாம்னா இப்பவே சொல்லிட்டுப் போங்க."

அம்மா வாயில் முந்தானையை வைத்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதுவரை பாயையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எழுந்தார். சுவரோரம் கிடந்த ஸ்டூலை எடுத்து வந்து, சேலைகளுக்கு முன்னால், நட்ட நடுவில் போட்டார். "உக்காரும்மா" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அது போதும்.

அத்தை உட்கார்ந்தார். கையைத் தான் கட்டியிருந்த சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். அரக்குப் பட்டின் பக்கம் போகவே இல்லை. அடுக்கில் கீழே கிடந்த மயில்கழுத்து நிறத்தை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு, சுட்டுக்கொண்ட மாதிரி விரலை எடுத்துக்கொண்டார். "இது ஒனக்கு எடுப்பா இருக்கும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் அதை உருவி எடுத்தபோது என் கைக் குங்குமம் அந்தப் பட்டில் ஒட்டிக்கொண்டது. கடைசி வரை போகவே இல்லை.

முதலாளி மத்தியானம் வேறு வேட்டி வாங்கிவந்து மறுபடி முதலிலிருந்து பூஜை போட்டார். என்னைத் திட்ட வாயெடுத்தவர், லிப்ட் விஷயம் கேள்விப்பட்டதும் வந்த வழியே போய்விட்டார். பெரியம்மா கல்யாணத்துக்கு வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்தார், எழுந்து ஓடிவிடாமல் என் அம்மா பக்கத்திலேயே காவல் இருந்தாள்.

கல்யாணமாகித் திருநகர் போன புதிதில் ஒரு சாயங்காலம் வீட்டில் கரண்ட் போனது. அத்தை கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நான் அடுப்படியில் இருந்தேன். தீப்பெட்டியைத் தேடிக்கொண்டே, "அத்தை, எங்க இருக்கீங்க?" என்றேன். பதில் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. விளக்கை ஏற்றிக்கொண்டு ஓடினால், உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தார். முந்தானை வாயில் இருந்தது. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

அதிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் விளக்கைத் தேடுவதற்கு முன்னால் நான் அவரைக் கூப்பிடுவேன். பதில் வராது. வராவிட்டாலும் கூப்பிடுவேன். அந்தக் காலத்துக் கரண்ட், கேட்கவா வேண்டும், கூப்பிட்டுக் கூப்பிட்டே என் தொண்டை தேய்ந்தது. மூத்தவள் பிறந்து, அவள் தவழ ஆரம்பித்த சமயம், ஒரு மழை நாளில் தெருவே இருண்டது. வழக்கம்போல, "அத்தை! அத்தை!" என்று கத்தினேன்.

"ஏண்டி இந்தக் கத்து கத்துற?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது, தெருவுக்கே கேட்கும்படி. "இங்கனதான இருக்கேன். புள்ள எம் மடியில கெடக்கு. வெளக்கக் கொண்டா."

நான் இருட்டுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு கொண்டு போகக் கொஞ்ச நேரமானது, அதற்கும் திட்டினார்.